எண்ணெய்ப் புட்டி இல்லாத ஒரு சாயங்காலம்

இன்று அலமாரியைத் துடைக்கும்போது உன் எண்ணெய்ப் புட்டி கையில் அகப்பட்டது. கழுத்தில் கட்டிய சணல் கயிறு இன்னும் அப்படியே இருக்கிறது. மூடியைத் திறந்தால், இத்தனை வருஷம் கழித்தும் நல்லெண்ணெய்க் காரல் வாடை. வாடையோடு நீயும் வந்துவிட்டாய், பிடிவாதக்காரி.

சாரம் கிராமத்தில், நம் தெருவில் பெண்பிள்ளை வெளியே கிளம்பினால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். எண்ணெய்ப் புட்டியோ, அரிசிப் பையோ, அர்ச்சனைத் தட்டோ. வெறுங்கையோடு நடந்தால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். புட்டி இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாய். அங்கே விருந்தாளியாக வந்த வெள்ளைக்கார அம்மாள் தினமும் குடை பிடித்துத் தெருத்தெருவாக நடப்பதைப் பார்த்து, எதற்கு வந்திருக்கிறாள் என்று குசினியில் சமைக்கிறவரைக் கேட்டாயாம். "தூரிஸ்த்" என்றாராம் அவர். "வேலையும் இல்ல, சொந்தமும் இல்ல, சாமி கும்புடவும் இல்ல. சும்மா ஊரப் பாக்க வந்திருக்காங்க."

அந்தச் சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாய். "நம்மள்ல ஒருத்தி அப்படிப் போனா என்னாடி பேரு?" என்றாய். "ஊர்சுத்தி" என்றேன். சிரித்தாய். ஆம்பிளையைச் சொன்னால் அது வெறும் வசவு. நம்மைச் சொன்னால் குடும்பமே கவிழும். அதே தெரு, அதே நடை, அந்த அம்மாளுக்கு மட்டும் மரியாதையான பேர். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் வாங்கப் போவதாக உன் மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தவள், புட்டியை என் அலமாரியில் வைத்துவிட்டாய். "தூரிஸ்த்துன்னா கைய வீசிக்கிட்டுத்தான் நடக்கணும்." வெள்ளைக்காரத் தெருக்களுக்கு முன்னால் ஓடும் வாய்க்காலைத் தாண்டிப் போய்க் கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். புயலில் விழுந்த கடல்பாலத்தின் இரும்புக் கால்கள் தண்ணீரில் நின்றன. தினமும் அந்தப் பக்கம் வேலைக்கு ஓடுகிறவள், "இவ்ளோ பெருசாடி இது!" என்று வாயைப் பிளந்தாய். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் வந்து, "யாரப் பாக்க வந்தீங்க?" என்றார். "யாரையும் இல்லீங்க. ஊரப் பாக்க வந்தேன்" என்றாய். அவர் நம்பவில்லை.

நாம் அங்கே உட்கார்ந்திருந்தது உன் கொழுந்தனார் கண்ணில் பட்டதுதான் வினை. எனக்கு வீட்டில் ஒருநாள் வசவோடு போயிற்று. உன்னை உழவர்கரைக்கு, உன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பால்குடி மறக்காத உன் பிள்ளையை மாமியார் வைத்துக்கொண்டாள். உன் புருஷன் என்னிடம் வந்து கெஞ்சினார். "கோயிலுக்குப் போனேன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லும்மா. அம்மா சேத்துக்குவாங்க." நான் வந்து சொன்னேன். நீ கேட்கவில்லை. "ஊரப் பாக்கத்தான் போனேன். அது என்னாடி தப்பு?" உன்னை நினைத்து எனக்குப் பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நீ ஓடிப்போய் வாசலில் நின்று, "கோயிலுக்குத்தான் போனேன்" என்றாய். உள்ளே விட்டார்கள்.

வேலையையும் நிறுத்திவிட்டார்கள். நடக்கிற தூரத்தில் கடல் இருந்தும் நீ மறுபடி அதைப் பார்க்கவில்லை. குழாயடியில் என்னைக் கண்டால், "அந்தப் பெஞ்சு இருக்கா?" என்று மட்டும் கேட்பாய். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் கேட்டாய். இருக்கு என்றேன்.

இப்போது நம் ஊர் முழுக்கச் சுற்றுலாப் பயணிகள்தான். இன்று புட்டியை அலமாரியிலேயே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போனேன். உனக்கு இடம் விட்டுப் பெஞ்சு ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு சின்னப் பெண் தனியாக வந்தாள். "யாருக்காவது காத்துட்டிருக்கீங்களா பாட்டி?" என்றாள்.

"யாருக்கும் இல்லம்மா. ஊரப் பாக்க வந்தேன்."

உன் பதில். இத்தனை வருஷமாக நான்தான் வைத்திருந்தேன்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லி, கையை வீசிக்கொண்டு போய்விட்டாள். அவள் அவ்வளவு லேசாகச் சொன்னதைக் கேட்டு, எனக்கு அழுகை அடங்கவே இல்லையடி.