எனக்கு மட்டும் வெந்தயத் தண்ணீர்

இன்று காலை என் மருமகள் ஊறவைத்த வெந்தயத்தின் மூடியைத் திறந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் மேல் இருந்த கோபம் திரும்ப வந்துவிட்டது. நீ மண்ணுக்குள் போன பிறகும் ஆறாத கோபம். மூன்றாம் வகுப்போடு நின்ற கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்க நீ இல்லை.

இந்த வீட்டுக்கு நான் மூத்த மருமகள், நீ இளையவள். கள்ளக்குறிச்சி கடைவீதியில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே துணிக்கடை, நமக்கு ஒரே அடுப்பு. இட ஒதுக்கீடு கேட்டு முதல் போராட்டம் நடந்த காலத்தில், சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த நாளில் உனக்கு இடுப்பு வலி கண்டது. வண்டி கிடைக்கவில்லை. உன் மகனை என் கையில்தான் வாங்கினேன். உன் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அன்றிலிருந்து நம்பியிருந்தேன்.

பிறகு இருவருமே பெருத்தோம். எனக்கு முட்டி போயிற்று, உனக்குச் சர்க்கரை வந்தது. பேத்திக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நீ சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போனாய். திரும்பி வந்ததிலிருந்து மாதத்துக்கு மாதம் இளைத்தாய். இன்சுலின் ஊசி நின்றது. நான் நாற்காலியில் உட்கார்ந்து தொழ, நீ தரையில் நெற்றி வைத்துத் தொழுதாய். கல்வராயன் மலைக்குப் போனோமே, அருவி வரைக்கும் நீ ஏறிப் போனாய். நான் வேனில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தேன்.

“இன்னாடி பண்ண? எனக்குஞ் சொல்லு.”

“ஒண்ணுமில்லக்கா. வெறும் வயித்துல வெந்தயத் தண்ணி. அப்பறம் வாயக் கட்டணும். அது உன்னால ஆவாது!”

நம்பினேன். விடாமல் குடித்தேன். எடை இறங்கவில்லை, நாக்குதான் செத்துப்போனது.

கல்யாண வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹன் தட்டில் சாப்பிடும்போது நீ என் பக்கத்தை விட்டு நகர மாட்டாய். கறியை என் பக்கமே தள்ளுவாய். பாசம் என்று தின்றேன். “இன்னாக்கா, உங்க சஹன் மட்டும் கழுவி வெச்சாப்ல கீது?” என்று பெண்கள் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி கிளம்பிய சமயத்தில் ஒரு காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாய். பக்கத்து டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். “இதுக்கு முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஏதாச்சும் ஆயிருக்காம்மா?” என்று கேட்டார்.

“இவளுக்கா? புள்ளையே வூட்லதான் பொறந்துச்சு. கத்தியே படாத ஒடம்பு டாக்டர்.”

நான் சொன்னது உன் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தாய். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். வலி தாங்காமல் திரும்புகிறாய் என்று முதுகைத் தடவிக் கொடுத்தேனே, அந்தக் கையை என்ன செய்வது?

கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பினார். சாயங்காலம் உன் வயிறு கல்லாக இறுகிவிட்டது. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உளுந்தூர்பேட்டையில் மறியல். “டேய், கல்ல எடுங்கடா! உள்ள ஆயா அழுதுகினு கீது, வழி வுடு!” என்று கத்திக்கொண்டே பசங்கள் ஓடிவந்து ஒதுக்கினார்கள். முன்பின் தெரியாத பிள்ளைகள் வழி விட்டார்கள். நீ அந்த வண்டியிலும் வாயைத் திறக்கவில்லை.

சென்னையிலிருந்து உன் மகன் வந்து சேர்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பேத்தியைச் சாக்குச் சொல்லிப் போனாயே, அப்போதுதான் இளைப்பதற்காக வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு இரைப்பையைச் சிறிதாக்கி, குடலை மாற்றித் தைத்திருக்கிறார்கள். “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாங்க பெரீம்மா. வாயக் கட்டி எளைச்சான்னு ஊரே சொன்னது அம்மாவுக்குப் புடிச்சிருந்துச்சு” என்று அழுதான்.

விடிவதற்குள் நீ போய்விட்டாய். அங்கிருந்த டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். “அந்த ஆபரேஷன் தப்பில்லம்மா. அவங்க சர்க்கரை எறங்குனதே அதாலதான். ஆனா எளைச்ச பிறகு உள்ள இடைவெளி விழுந்து சில பேருக்குக் குடல் முறுக்கிக்கும். காலையிலயே தெரிஞ்சிருந்தா உடனே தொறந்து பாத்திருப்பாங்க.”

இப்போது என் முட்டிக்காக எனக்கும் அதையே செய்யலாம் என்கிறான் உன் மகன். செய்துகொண்டாலும் செய்துகொள்வேன். ஆனால் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் படுப்பேன்.

‘கத்தியே படாத ஒடம்பு’ என்று நான் சொன்ன வார்த்தை இன்னும் என் வாயிலேயே கிடக்கிறது. வெந்தயத்தைவிடக் கசக்கிறது. மறுமையில் அதற்காக என்னை நிறுத்திக் கேட்டால் உன்னைத்தான் கை காட்டுவேன். அப்போதாவது முகத்தைத் திருப்பாமல் பதில் சொல்.