கருவாட்டுக்காக நீ போட்ட சண்டைகள்

தம்பி,

இன்று காலை கருவாட்டைக் குளிப்பாட்டினேன். முடிப்பதற்குள் அவள் நகம் பட்டு என் இரண்டு கைகளிலும் ரத்தக்கோடுகள். அலமாரியிலிருந்து மஞ்சள் மருந்துப் புட்டியை எடுத்துத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இறந்தவர்களின் நினைவு சிலருக்குப் பழைய சட்டையிலிருந்து வரும், சிலருக்கு விபூதி வாசனையில் வரும். எனக்கு நீ இந்த நெடியில்தான் வருகிறாய். பள்ளிக்கூட நாளில் புருவம் கிழிந்து வந்தாய். ராணுவத்தில் தேசிய சேவைக்குப் போவதற்கு முந்தைய வாரம் உதடு பிளந்து வந்தாய். ஒவ்வொரு முறையும் இதே நாற்காலியில் உட்காரவைத்துப் பஞ்சை நனைத்து வைப்பேன். "எரியுதுக்கா, ஊது" என்பாய். யாரையோ மூக்கு உடைய அடித்துவிட்டு வந்தவன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஊதச் சொல்வாய்.

அப்பாவின் பெல்ட் நம் இருவர் முதுகிலும்தான் விழுந்தது. சத்தம் கேட்டாலே சுருங்கிப்போகும் உடம்பை அது எனக்குக் கொடுத்தது. உனக்கு முந்திக்கொண்டு அடிக்கும் கையைக் கொடுத்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஈசூன் அடுக்குமாடி வீட்டில் நாம் இருவர் மட்டுமே. உன் அறைக் கதவில் குத்துவிட்டுப் போட்ட ஓட்டையை ஒரு நாட்காட்டியால் மறைத்துவைத்தேன். அடுத்த ஆண்டு அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று விழுந்தது. நீ என்னை அடித்ததில்லை. ஆனாலும் லிஃப்ட் நம் தளத்தில் நிற்கும் சத்தம் கேட்டால், உன் செருப்பு எப்படி விழுகிறது என்று கவனிப்பேன். அதை வைத்துத்தான் அன்றைய சாயங்காலம் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்வேன்.

அப்படி ஒரு சாயங்காலம் நீ வேலைபார்த்த கப்பல் பட்டறையிலிருந்து தலைக்கவசத்தைக் கிண்ணம்போல் ஏந்திக்கொண்டு வந்தாய். உள்ளே செம்பட்டை நிறத்தில், கைக்குள் அடங்கும் ஒரு பூனைக்குட்டி. கேன்டீன் பின்னால் கருவாட்டுப் பெட்டியில் கிடந்ததாம். "பேரு கருவாடு" என்றாய். "பொம்பளப் புள்ளைக்கு வைக்கிற பேராடா இது?" என்றேன். "வாடைக்கு ஏத்த பேரு லா" என்றாய்.

அவள் வந்த பிறகு வீட்டின் சட்டங்கள் மாறின. கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் தொடமாட்டாள், உன் காப்பிக் குவளையில் ஊற்றினால்தான் குடிப்பாள். துவைத்து மடித்த துணியில் உன் வெள்ளைச் சட்டையாகத் தேடிப்பார்த்து அதன்மேல்தான் படுப்பாள். விடிவதற்கு முன் உன் நெஞ்சில் ஏறி, முன்னங்காலால் உன் இமையைத் தட்டித் திறப்பாள். நான் தொட்டு எழுப்பியிருந்தால் உதறி எழுந்து கையை ஓங்கியிருப்பாய். அவள் தட்டினால், "எந்திரிச்சிட்டேம்மா, எந்திரிச்சிட்டேன்" என்று குழைவாய்.

எல்லாவற்றையும்விட, அவளுக்குக் கத்தல் பிடிக்காது. உன் குரல் உயர்ந்தால் எங்கிருந்தாலும் ஓடிவந்து, மடியில் ஏறி, உன் வாயின்மேல் பாதத்தை வைத்து அழுத்துவாள். பாதி வந்த கெட்ட வார்த்தை பாதியிலேயே நிற்கும். உன் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். நானும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன். காற்று மாறுவது தெரிந்தால், அவளைத் தூக்கி உன் மடியில் போட்டுவிட்டு விலகிக்கொள்வேன். பிறகு வெகுகாலம் நம் வீட்டில் ஒரு கண்ணாடிக் குவளைகூட உடையவில்லை.

வீட்டுக்குள் இருந்தவரைக்கும்தான் அது. மேல்தளத்து மணியத்தின் வாசலுக்கு அவள் போய்ப் பழகினாள். அவர் காலணி அலமாரிமேல் அவளுக்கு என்ன கோபமோ, மூன்று நான்கு முறை அங்கே மூத்திரம் பெய்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டுக் கழுவிக் கொடுத்தேன். ஒருநாள் அவர் பொறுமையிழந்து உதைத்தார். கருவாடு படிக்கட்டில் உருண்டு, வாயில் ரத்தத்தோடு நம் வாசலில் வந்து விழுந்தாள்.

மேலே அவர் திட்டும் குரல் உனக்கும் கேட்டது. அவள் வாயைத் துடைத்தாய், என் கையில் கொடுத்தாய், மாடி ஏறினாய். அவளைக் கீழே விட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்துத் தொங்கினேன். உன் முழங்கை என் கன்னத்தில் இடித்தது உனக்குத் தெரியவே தெரியாது. மணியம் கதவைத் திறந்து, "என்ன தம்பி" என்று கேட்டு முடிக்கவில்லை. முதல் குத்தில் அவர் கண்ணாடி தெறித்தது. இரண்டாவதில் சுவரில் மோதினார். மூன்றாவதில் கேட்ட சத்தம், காய்ந்த விறகை ஒடிக்கும் சத்தம், அது தாடை. அவர் விழுந்த பிறகும் நீ நிறுத்தவில்லை. அவர் மனைவி உன் காலைக் கட்டிக்கொண்டு அலறினார். அன்று உன் முகத்தில் அப்பாவைப் பார்த்தேன்.

போலீஸ், நீதிமன்றம், சிறை. வேலையும் போயிற்று. பார்க்க வந்த நாளெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "கருவாடு சாப்பிடுதாக்கா?" என்று மட்டும் கேட்பாய். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டதில்லை. எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனாலும் சொல்வேன், உன் சட்டையை விட்டு அவள் இறங்குவதில்லை என்று. தலையைக் குனிந்துகொள்வாய்.

வெளியே வந்த பிறகு நீயும் மணியமும் ஒரே லிஃப்டில் ஏறியதில்லை. ஒருவர் நின்றால் மற்றவர் படியில் போவார். அவருடைய முகம் ஒரு பக்கம் சற்றுக் கோணியிருந்தது.

மழை கொட்டிய ஒரு சாயங்காலம், கீழேயிருந்து "பாம்பு! பாம்பு!" என்று யாரோ கத்தினார்கள். கிரில் கதவு திறந்துகிடந்தது. கருவாட்டைக் காணவில்லை. நீ வெறுங்காலோடு ஓடினாய்.

புளோக்குக்குப் பின்னால் பெரிய கால்வாயில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் ஒரு மலைப்பாம்பு, என் கெண்டைக்கால் பருமன், சுருண்டு சுருண்டு இறுகிக்கொண்டிருந்தது. சுருளுக்கு வெளியே ஒரு செம்பட்டைக் காதும் ஒரு பாதமும் மட்டும் தெரிந்தன. கம்பி வேலிமேல் சாய்ந்து பலர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ வேலியைத் தாண்டிச் சரிவில் வழுக்கி இறங்கி, பாம்பின் கழுத்தைப் பிடித்தாய். அது பூனையிடமிருந்து வாயை எடுத்து உன் முன்கையைக் கவ்வியது. சுருள் மட்டும் தளரவில்லை. நீ கையை இழுக்க இழுக்கத் தோல் கிழிந்தது. நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அதன் தாடைக்குள் விரல்களை நுழைத்து நெம்பிக்கொண்டிருந்தேன். ஊசி ஊசியாகப் பற்கள். உன் ரத்தமா என் ரத்தமா, மழையில் எல்லாம் ஒன்றாக ஓடியது.

அப்போதுதான் மணியம் மண்வெட்டியோடு இறங்கினார்.

"வெட்டுங்க! தலையில போடுங்க!" என்று மேலேயிருந்து சத்தம். அவர் மண்வெட்டியை ஓங்கினார். ஆனால் கண் பாம்பின்மேல் இல்லை. உன்மேல் இருந்தது. உன் ஒரு கை பாம்பின் வாயில், மறு கை அதன் கழுத்தில். தடுக்க உன்னிடம் ஒன்றுமில்லை. நீயும் அவரைப் பார்த்தாய். "வேணாம்ண்ணே!" என்று நான் கத்தினேன்.

"மணியம், என்னை அடிக்கணும்னா அப்புறம் அடி," என்றாய் நீ, பல்லைக் கடித்தபடி. "இப்ப வெட்டுனா பூனையும் சேந்து போயிரும். வாலைப் புடி லா!"

மழையில் அவர் உதடு துடித்ததைப் பார்த்தேன். மண்வெட்டியைக் கரைமேல் வீசிவிட்டுத் தண்ணீரில் மண்டியிட்டார். வாலைத் தேடிப் பிடித்து, உன்னையும் பாம்பையும் உங்கள் இருவரின் வம்சத்தையும் திட்டிக்கொண்டே, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். கடைசிச் சுற்று அவிழ்ந்ததும் கருவாடு ஈரத்துணிபோல் தண்ணீரில் விழுந்தாள். நான் நெம்பிய தாடையும் அதே நேரம் திறந்தது.

ஒரு வாலிபன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாம்பை நோக்கி வந்தான். நீ குறுக்கே நின்றாய்.

"தள்ளுங்கண்ணே, கொன்னுடுவோம்."

"எதுக்கு? பசிச்சுது, வந்துச்சு," என்றாய். பிறகு மணியத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "நம்மள மாதிரி கோவத்துலயா வந்துச்சு?"

மேலேயிருந்தவர்கள் இறக்கிய பெரிய குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பாம்பை மூடிவைத்தாய். பிடித்துப்போக ஆட்கள் வரும்வரை காவல் இருக்கும்படி அந்த வாலிபனிடமே சொன்னாய்.

மணியம் தன் டெலிவரி வேனில் நம்மை ஏற்றிக்கொண்டார். கருவாடு என் மடியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நீ முன்னால் உட்கார்ந்திருந்தாய். ஆங் மோ கியோவிலிருந்த மிருக மருத்துவமனை போய்ச் சேரும்வரை அந்த வண்டியில் நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"தாடை எப்படி இருக்கு?"

"மழை வந்தா வலிக்கும்."

"இப்ப மழைதானே."

"ஆமா. வலிக்குது."

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கருவாட்டுக்கு விலா எலும்புகள் உடைந்திருந்தன. ஆனாலும் பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கொர்கொர் என்று முனகும்போது நடுவில் ஒரு விசில் கலந்து வரும். அதைக் கேட்டு நீ சிரிப்பாய். மணியம் லிஃப்டில் உன்னைப் பார்த்தால் படிக்குப் போவதை நிறுத்தினார். கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடிப்பார்.

அத்தனை அடிதடிக்கும் பிழைத்த நீ, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நீ தூங்குவதாக நினைத்தாராம். மண்டாய் தகனக்கூடத்துக்குக் கிளம்பும்போது உன் பெட்டியைத் தூக்கியவர்களில் மணியம் முன்னால் நின்றார். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். வெளியே நடைபாதையில் ஒருவன் தன் மனைவியின் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டிருந்தான். அவள் சத்தம் வராமல் அழுதாள். கூட்டம் விலகி விலகிப் போனது. நானும் விலகிப் போகிறவள்தான், உனக்குத் தெரியும். அன்று என் கால் அங்கே போயிற்று. "கைய எடு" என்றேன். அவன் அவளை விட்டுவிட்டு என்மேல் கையை ஓங்கினான். நான் கண்ணை மூடவில்லை. நகரவும் இல்லை. அவன் மூச்சு என் முகத்தில் அடித்தது. அடி விழும் என்றே நின்றேன். அதற்குள் மீன்கடைக்காரர் இருவர் வெளியே வர, அவன் கையைத் தாழ்த்தி, காறித் துப்பிவிட்டுப் போனான்.

அந்தப் பெண் என் கையிலிருந்து விழுந்திருந்த பையைப் பொறுக்கிக் கொடுத்தாள். ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகியிருக்காது.

"உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்றாள்.

"பயமாத்தாம்மா இருந்துச்சு," என்றேன். "வா, உள்ள போய் உக்காருவோம். முதல்ல ஒரு டீ குடி. அப்புறம் யாருக்குப் போன் பண்ணணும்னு சொல்லு, நான் பண்றேன்."