ஒரு முறம் தவிடும் ஜெயமணியின் பாஸ்போர்ட்டும்

திருப்புலிவனம்
14-3-1984, புதன்

அன்பு மகள் வசந்தகுமாரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாப்பிள்ளை, குழந்தை நால்வரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பதாக எழுதியிருந்ததை உன் அம்மா நான்கு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே, டூட்டி முடிந்த களைப்பில் எழுதினாளா என்கிறாள். அதற்குப் பதில் எழுது.

முதலில் நேற்றைய சேதி. ஜெயமணியின் பிறப்புப் பதிவைத் திருத்தச் சொல்லி தாசில்தார் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரை மணி. எதிரில் நின்று பார்த்தேன், காகிதத்தை வாங்கிப் படித்தும் பார்த்தேன். தாய் வசந்தகுமாரி, தகப்பன் தணிகைவேல் என்று பிழையில்லாமல் இருக்கிறது. போன கடிதத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு சிக்கல், விவரம் பிறகு என்று மட்டும் எழுதியிருந்தேன். அரைகுறையாகச் சொல்லி உன்னைக் கலக்க வேண்டாம் என்றுதான் நிறுத்திக்கொண்டேன். மாப்பிள்ளை பாஸ்போர்ட் ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஏப்ரல் முப்பதுக்குள் குழந்தையின் பாஸ்போர்ட் நம்பரும் உன் குவைத் ஆஸ்பத்திரிக்கு வந்து சேராவிட்டால் உனக்கு ஒதுக்கிய குடும்பக் குவார்ட்டர்ஸ் அடுத்த நர்ஸுக்குப் போய்விடும் என்று நீ எழுதியதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. மாப்பிள்ளையும் குழந்தை இல்லாமல் விமானம் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இப்போது முழுவதையும் வரிசையாகச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

பிப்ரவரி ஏழாம் தேதி சான்றிதழ் நகலுக்காக மாப்பிள்ளையும் நானும் தாலுகா ஆபீஸுக்குப் போனோம். கிராம முன்சீப் பதவியை எடுத்துவிட்ட பிறகு கிராமத்துப் பதிவேடுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 1978 அக்டோபர் 29, திருப்புலிவனம், பெண் குழந்தை. தேதி சரி, ஊர் சரி. குழந்தை பெயர் தவுட்டம்மா, தாய் கங்கம்மாள், தகப்பன் வரதன், தொழில் கூலி என்று இருந்தது. மாப்பிள்ளை பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எனக்குப் படித்தவுடன் விஷயம் விளங்கிவிட்டது. முதல் இரண்டு பிள்ளைகள் உனக்குத் தங்கவில்லை. மூன்றாவதாக இவள் எட்டாம் மாதமே, பஸ்ஸுக்குக் காத்திருக்கக்கூட நேரம் தராமல், வீட்டிலேயே பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பதினோரு நாள் நீ ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தாய். அந்த வாரத்தில்தான் குழந்தையை ஏரிக்கரைக் குடிசைக் கங்கம்மாளுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றது. பிள்ளை தங்காத வீட்டில் அப்படி வேற்று வீட்டுக்கு விற்றுவிட்டால் எமன் வீடு தவறிப் போய்விடுவான் என்று செய்கிற வழக்கம். அவள் அப்போது கைக்குழந்தைக்காரி, பால் இருந்தது. நீ எழுந்து உட்காரும் வரை ஜெயமணி குடித்தது அவள் பால்தான்.

பெயர் எப்படிப் பதிவேட்டுக்குப் போனது என்று உன் அம்மாவைக் கேட்டேன். பதினாறாம் நாள் புதிதாக வந்த தலையாரி பிறப்பு இறப்பு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நம் வீட்டு வாசற்படியில் கங்கம்மாள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். யார் பிள்ளை என்று அவர் கேட்க, "எம்புள்ளதான், இன்னா சந்தேகம்" என்றிருக்கிறாள். வாங்கியவள் வேறு என்ன சொல்வாள்? அப்பன் பேர் கேட்டதற்குத் தன் புருஷன் பேரைச் சொல்லியிருக்கிறாள். உன் அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அப்போதே சொல்வதற்கென்ன என்று கேட்டேன். "எமனை ஏமாத்தத்தானே வித்தோம், நடுவுல சர்க்காரும் ஏமாந்துகினா அதுக்கு நானா பொறுப்பு" என்றாள். ஊரார் பெயரையெல்லாம் இனிஷியலோடு சரிபார்த்துப் பத்திரிகைக்கு அனுப்பியவன் நான், பேத்தி பெயரை ஐந்தரை வருஷம் போய்ப் பார்க்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

மனு எழுதிக் கொடுத்தோம், மார்ச் முதல் வாரம்தான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆதாரம் என்ன என்றார் தாசில்தார். அதே பதிவேட்டில் ஏழு பக்கம் முன்னால் பார்க்கச் சொன்னேன். 1978 ஜூலை 20, ஆண் குழந்தை, பச்சமுத்து, தாய் கங்கம்மாள், தகப்பன் வரதன். அதை எழுதியவர் பழைய தலையாரி. ஜூலையில் பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் ஒன்பது நாளில் இன்னொன்று பெறமுடியாது என்று சொன்னேன். தாசில்தார் இரண்டு பக்கத்தையும் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது போதும், ஆனாலும் பதிவில் தாய் என்று இருப்பவள் நேரில் வந்து இது என் பிள்ளை இல்லை என்று வாக்குமூலம் கொடுத்தால்தான் நான் எழுத முடியும் என்றார். ஒரு நாள் வேலை என்று நினைத்துத் திரும்பினோம்.

கங்கம்மாள் இப்போது வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் நெல் காயவைக்கிற வேலையில் இருக்கிறாள். மறுநாளே பஸ் ஏறிப் போனேன். களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் ஓடி வந்து, உன் பெயரைச் சொல்லி, "குவைத்துல அக்கா எப்படிகீது, இளைச்சிப்பூடுச்சா" என்றுதான் முதலில் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "என்னா நைனா இப்படி சொல்லிட்டே. தவுடு குடுத்து வாங்கனவ நானு. எம்புள்ள இல்லன்னு இந்த வாயால சொன்னா, கொழந்தைக்கு எதுனா ஆயிட்டா யாரு பதில் சொல்றது. கப்பல்ல போவுதோ பிளேன்ல போவுதோ, அது நல்லா போய் சேரணும்" என்றாள். புடவை எடுத்துத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. "காசு கேட்டனா நானு" என்று களத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். அன்று முழுக்க மில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்கையில் அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வழி ஒன்று இருக்கிறது, விற்றவர் கையாலேயே அதே அளவு தவிடு கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும், மீட்டுவிட்டால் எந்தத் தாலுகா கச்சேரியிலும் வந்து சொல்வேன் என்றாள். அவ்வளவுதானே, நாளைக்கே உன் அம்மாவை அழைத்து வருகிறேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா எங்க வித்துச்சி. வித்தது உம் மருமவன்தான்" என்றாள்.

வசந்தா, நான் இதை உடனே நம்பவில்லை. உனக்கும் எனக்கும் தெரிந்ததெல்லாம், நான் மழைச் செய்திக்காக வெளியூர் போயிருந்த நாளில் உன் அம்மா விற்றாள் என்பதுதான். நர்ஸ் படித்த வீட்டில் இப்படிச் செய்தாயே என்று அதற்காக நீ எத்தனை தடவை அவளைக் கோபித்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே, ஆமாம், மாப்பிள்ளைதான், யாரிடமும் சொல்லாதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டார், அதனால் நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன் என்றாள். பிறகு மாப்பிள்ளையையும் கேட்டேன். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, தாயத்தும் தகடும் பொய் என்று உத்திரமேரூர்க் கடைத்தெருவில் மேடையேறிப் பேசுகிறவர் அவர். அவர் சொன்னார்: "குழந்தை ஒரு முழம்கூட இல்ல மாமா. வசந்தாவுக்கு நினைவே இல்ல. கண்ணு முழிச்சி கேட்டா காட்ட ஒரு புள்ள வேணும்னுதான் அப்ப தோணிச்சி. கொள்கையெல்லாம் அந்த நேரத்துல எங்க போச்சின்னே தெரியல." குழந்தையை முறத்தில் வைத்துக் கங்கம்மாள் கையில் கொடுத்தது அவரேதான். இதை எழுதலாமா என்று கேட்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது, அத்தை எனக்காகத் திட்டு வாங்கியது போதும், எழுதுங்கள் என்றார். ஆகவே உன் அம்மாவுக்கு நீ எழுதவேண்டிய கடிதம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சிரித்துக்கொண்டே எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, ஜெயமணி, நான் மூவரும் வாலாஜாபாத் போனோம். மில்லிலேயே தவிடு கிடைக்கும் என்று மாப்பிள்ளை கைவீசிக்கொண்டு வந்தார். கங்கம்மாள் விடவில்லை. "எம்மில்லு தவுட்ட எனுக்கே குடுத்து புள்ளைய தூக்கினு போலாம்னு பாக்குறியா" என்று கேட்டுவிட்டாள். கடைத்தெருவுக்குப் போய்த் தவிடும் புது முறமும் வாங்கிக்கொண்டு வந்தார். சட்டையைப் பற்றி அவருக்கு ஞாபகமே இல்லை, வழக்கமான கறுப்புச் சட்டைதான். தலைக்கு மேல் முறத்தைத் தூக்கிக்கொண்டு களத்தில் அவர் நடந்து வருகிறார், வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அம்முலு என்று ஒருத்தி, அவர் பேச்சைக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது, "இன்னா வாத்தியாரே, மேடையில ஒண்ணு பேசிக்கினு இங்க தவுட்டோட வந்துகீற" என்றாள். மாப்பிள்ளை நடையை நிறுத்தாமல், "இது தவுடு இல்லம்மா, மனுவோட இணைப்பு" என்றார். களம் முழுக்கச் சிரிப்பு. கங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முறத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஜெயமணியைத் தூக்கி உச்சி முகர்ந்து, தன் இடுப்பிலிருந்து அவர் இடுப்புக்கு மாற்றினாள். ஐந்தரை வயசுப் பெண், கால் இரண்டும் தொங்குகிறது. நான் இப்ப யாரு புள்ள என்று கேட்டாள். "உங்கொம்மா புள்ளடி, போய்க் கேட்டுக்க" என்று கங்கம்மாள் சொன்னாள்.

நேற்று தாலுகா ஆபீஸில் தாசில்தார் அவளைக் கேட்டார், இந்தக் குழந்தை உன்னுடையதா என்று. "முந்தாநாளு வரிக்கும் எம்புள்ளதான் சார். ஞாயித்துக்கெயம தான் குடுத்தேன்" என்றாள். தாசில்தார் பேனாவை வைத்துவிட்டார். பெற்றது யார் என்று கேளுங்கள் என்று நான் சொன்னேன். கேட்டார். "பெத்தது வசந்தாக்கா. நானு பக்கத்துல இருந்து பாத்தேன்" என்றாள். அதை அப்படியே எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டார். குழந்தையிடம் பெயர் கேட்டதற்கு, "ஜெயமணி, வூட்ல தவுட்டு" என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்தாள்.

இனி மற்ற விஷயங்கள். ஏரியில் தண்ணீர் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, சொர்ணவாரிப் பட்டத்து நடவுக்குக் குறையிருக்காது. உன் அம்மாவின் முழங்கால் வலி நீ அனுப்பிய தைலத்தில் தேவலை. மாப்பிள்ளை தான் வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்கத்தில் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. டீக்கடை சுப்பிரமணி, "பொண்டாட்டி சம்பாரிக்கிற ஊருக்கு அண்ணன் சோறாக்கப் போறாரு" என்று கிண்டல் செய்கிறார். மாப்பிள்ளை கோபப்படவில்லை, ஆமாம், அவள் பத்து பேர் உடம்பைப் பார்க்கிறாள், நான் அவள் ஒருத்தி சாப்பாட்டைப் பார்க்கக் கூடாதா என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே உன் அம்மாவிடம் காரக்குழம்பு கற்றுக்கொண்டிருக்கிறார். புளி கரைக்கும் அளவு இன்னும் பிடிபடவில்லை. முதல் ஒரு மாதம் குறை சொல்லாமல் சாப்பிடு. அவருக்கு அங்கே உடனே வேலை கிடைக்காவிட்டாலும் நச்சரிக்காதே. குழந்தை வெயிலில் விளையாடாமல் பார்த்துக்கொள். அவள் உன்னைப் பிரிந்தபோது மூன்று வயசு, உன் முகத்தைப் போட்டோவில்தான் வைத்திருக்கிறாள். விமான நிலையத்தில் உடனே ஓடி வந்து கட்டிக்கொள்ளாவிட்டால் மனசு விட்டுவிடாதே, இரண்டு நாள் கொடு.

மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து நோய் நொடி இல்லாமல் வாழ, எங்கள் இருவர் ஆசியும் உண்டு.

இனி நடக்க வேண்டியவை. திருத்திய சான்றிதழ் மார்ச் 23 வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று தாசில்தார் சொல்லியிருக்கிறார். மறுநாளே பாஸ்போர்ட் மனு. விசாரித்த அளவில் நான்கு வாரம், அதாவது ஏப்ரல் 21 வாக்கில். நம்பர் கைக்கு வந்த அன்றே உனக்குத் தந்தி அடிப்பேன், முப்பதாம் தேதிக்கு ஒன்பது நாள் மீதி இருக்கும். எல்லாம் சரியாக நடந்தால் மே மாதக் கடைசியில் புறப்பாடு. இதற்கு மேலும் ஒன்று நிலுவையில் இருக்கிறது, அது எந்த ஆபீஸிலும் இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் கங்கம்மாள் என்னிடம் சொன்னது: "மீட்டது பாதிதான் நைனா. பெத்தவ கையால ஒரு வாய் சோறு வாங்கிச்சின்னாதான் முடியும். அதுவரிக்கும் கொழந்தை பொறுப்பு எனுதுதான்." ஆகவே, ஜெயமணி வந்து இறங்கிய அன்று, டூட்டி இருந்தாலும் லீவு போட்டுவிட்டு, பருப்புச் சாதம் பிசைந்து உன் கையால் ஊட்டு. ஊட்டிவிட்டேன் என்று ஒரே வரி எழுதிப் போடு. வாலாஜாபாத் போய் நான் அதைக் கங்கம்மாளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஜூன் முதல் வாரம் அந்தக் கடிதத்தை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மணவாளன்