பதினோரு ஒன்றுகள்

இன்று மாலை நம் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் பிரேக் போட்டதும் இரும்பு தீய்கிற அந்த வாடை மூக்கில் ஏறியது. பைக்கில் நின்றவர்கள் எல்லாரும் ரயிலைத் திட்டினார்கள். நான் உன்னைத் திட்டினேன், மச்சான். போகிறவன் பந்தயத்தை முடித்துவிட்டுப் போகக்கூடாதா?

பள்ளி விட்டு மேனாம்பேட்டுக்குச் சைக்கிளில் திரும்பும்போது இங்கேதான் நம் ஆட்டம். வேகன் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் பதினோரு இலக்க எண் இருக்கும். நான் ஒன்றைப் படிப்பேன். அடுத்த வேகன் வருவதற்குள் அதை எது மீதியில்லாமல் வகுக்கும் என்று நீ சொல்ல வேண்டும். "மூணு", "பதினொண்ணு" என்று சுண்டல் கொறிப்பதுபோல உடைத்துப் போடுவாய்.

அன்று நீ குனிந்து செயின் மாட்டிக்கொண்டிருந்தாய். எனக்குக் குறும்பு. "பதினோரு ஒண்ணு வரிசையா வருதுடா! உடை பாப்போம்!"

கிரீஸ் கையோடு நிமிர்ந்தாய். "ஒண்ணு உட்டு ஒண்ணு கூட்டுனா ஆறு, உட்டதக் கூட்டுனா அஞ்சு. வித்தியாசம் ஒண்ணு, பதினொண்ணுல போவாது. மூணுலயும் போவாது. ஏழு... ம்ஹூம்."

கேட் திறந்தும் நீ நகரவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "இன்னா நைனா, இங்கியே குடித்தனமா?"

"டேய், அப்டி ஒரு வேகனே வர்லதானே?" என்றாய்.

"வரல!" சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. "வேகன் டூப்பா இருக்கட்டும் மாமே. நம்பர் நெஜம்தானே? உடையும் பாரு."

"உடையாது. பகா எண்."

பந்தயம் விழுந்தது. தோற்றவன் கேட்டில் எல்லார் முன்னாலும், "அண்ணாத்தே, நீதான் கெத்து!" என்று கத்த வேண்டும். போனைத் தொட்டால் தோல்வி.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில், கையில் டிரிப்ஸோடு, நீ பேசியதும் அதைத்தான். "எல்லா நம்பரையும் போட்டு வகுத்துகினு கீறியா? லூசு. இருவத்திரண்டு மடங்கு, அதும்மேல ஒண்ணு. அந்த மாதிரி பகா எண்ணாலதான் உடையும்."

"ஏன்டா?"

"ஊட்டுக்கு வந்து சொல்றேன்."

நீ வரவில்லை.

போன் ஒரு நொடியில் விடை சொல்லியிருக்கும். சொல்லிவிட்டால் உன்னோடு பேச ஒன்றும் மிச்சமிருக்காதே. அதனால் கையாலேயே வகுத்தேன். இருபத்து மூன்று, அறுபத்தேழு, எண்பத்தொன்பது... கணக்கென்றால் காத தூரம் ஓடுகிறவன், கெமிஸ்ட்ரி வகுப்பிலும் வகுத்தேன். ஒவ்வொரு முறை மீதி வரும்போதும் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. தோற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட ஒரே பந்தயம் இது.

நேற்று 21649-ஐப் போட்டேன். மீதி இல்லை. ஈவு 513239. அதையும் உடைக்கப் பார்த்தேன், அது பகா எண். தனித்தனி ஒன்றுகளாக விறைத்து நின்ற அந்த நீண்ட எண்ணுக்குள், மொத்தமே இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

இன்று கேட்டில் சைக்கிள் மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். "அண்ணாத்தே, நீதான் கெத்து!"

"யார்ரா அவன், எஞ்சின் டிரைவரு உன் மச்சானா?" என்றார் ஓர் ஆட்டோக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பந்தயம் தீர்ந்தது. ஏன் இருபத்திரண்டு என்று நீ சொல்லாமல் போனது மட்டும் என்னிடம் பாக்கி. அதற்கும் போனைத் தொட மாட்டேன்டா.