பின்கதவில் அம்மன்

நாகபுரி

பரமசிவனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். சங்கரன்கோவிலில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

காசிக்குப் போகும் இந்தப் பழைய வேனில் நீ அடித்த படுக்கைப் பலகைகளை எல்லோரும் மெச்சுகிறார்கள். "எம் மவன் செஞ்சது" என்கிறேன்.

நேற்று வண்டிக்குள்ளேயே யாத்திரைக்காரர்களுக்குச் சமைக்கையில் ஸ்டவ் குப்பென்று பற்றியது. பக்கக் கதவும் சிக்கிக்கொண்டது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துவிட்டேன், பயப்படாதே.

படுக்கைக்காக நீ ஆணியடித்து மூடிய பின்கதவைத் திறக்கச் சொன்னேன். அதில் கோமதி அம்மன் படம் மாட்டி, தினமும் சூடம் காட்டுகிறார்கள். "அம்மனைப் பேத்தெடுத்தா விளங்குமா, ஆச்சி?" என்கிறார் டிரைவர்.

படத்தை எடுக்கலாம் என்று காசிச் சத்திரத்துக்குத் தந்தி கொடு. நீ சொன்னால் கேட்பார்கள். பேத்தி மாடத்தியையும் ஆச்சிக்கு ஒரு வரி எழுதச் சொல்.

குளிர் கூடிவிட்டதால், இன்றிலிருந்து ஸ்டவ்வை எரியவிட்டே தூங்கலாம் என்கிறார்கள். வண்டி புறப்படுகிறது. நான் பக்கக் கதவருகே படுத்துக்கொள்கிறேன்.

அம்மா
வள்ளித்தாய்