ரிஸோல் தேடுவது யாரை

டிசம்பர் 14, சனி

இந்த சீசனின் முதல் நாள். சறுக்க வருகிறவர்கள் மேலே ஏறும் முன் தொங்கும் பனியை நாங்களே இறக்கிவிட வேண்டும். விடிந்ததும் முகட்டுக்குப் போனோம். கூட வேலை பார்க்கும் விர்ஜில் திரியைப் பற்றவைத்து வெடியை வீசினான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. 'புஸ்வாணம்' என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, எதிர்ச்சரிவின் குறுக்கே பென்சிலால் இழுத்தது போல ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் ஒரே துண்டாக நகர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் ஒவ்வொரு தடவையும் கண்ணை எடுக்க முடிவதில்லை. விர்ஜில்கூட வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூட வைக்க இந்த மலையால்தான் முடியும்.

கீழே வந்ததும் எங்கள் ரோந்துக் குழுத் தலைவர் ஆர்மான் தனியாகக் கூப்பிட்டார். ரிஸோலைப் பற்றி. என் நாய். பனிச்சரிவில் புதைந்தவர்களை மோந்து கண்டுபிடிக்கும் வேலைக்குக் குட்டியிலிருந்து நான் பழக்கியவள். போன மார்ச் தேர்வில் தோற்றுவிட்டாள்.

"இந்த மார்ச்சும் ஊத்திக்கிச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, சொலென். அடுத்த சீசனுக்கு வேற நாய், வேற ஆளு. அது உன் வீட்ல சோபா மேல படுத்துக்கட்டும்."

"சரி தலைவரே" என்றேன். சரியாவது மண்ணாவது.

டிசம்பர் 20, வெள்ளி

மூடுபனி. சறுக்குகிறவர்களை மேலே ஏற்றும் கம்பி லிஃப்ட் ஓடவில்லை. ரிஸோல் என் பையைத் திறந்து பாலாடைக்கட்டி முழுவதையும் தின்றுவிட்டாள். ஆக, மூக்கில் கோளாறு இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நாயைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தார்கள். நாய் தேடிப் பழகப் பனிக்குழிக்குள் படுக்க ஆள் வேண்டும் என்றார்கள். நானே போனேன். ரொம்ப நாள் ஆயிற்று.

காலை மடக்கிக்கொண்டு ஒருவர் படுக்கிற அளவுக்குக் குடைந்த பொந்து. உள்ளே போனதும் வாசலைப் பனிக்கட்டிகளால் அடைத்து, மண்வெட்டியால் தள்ளி மூடுவார்கள். முதலில் இருட்டு. கண் பழகினால் அது இருட்டே இல்லை, நீலம். எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாத நீலம். சொந்த மூச்சு காதில் இரைகிறது. அப்புறம்தான் அதிசயம். மேலே இருப்பவர்கள் பேசுவது கேட்கிறது. சறுக்குப் பலகை உரசுவது, யாரோ மூக்குச் சிந்துவது, என் சூப்பைக் குடித்துவிட்டு ஒரு வாரம் நோயாகப் படுத்த கதையை விர்ஜில் ஜோக்காகச் சொல்வது, எல்லாம் தெளிவாக.

"டேய், கேக்குதுடா!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். மேலே யாருக்கும் கேட்கவில்லை. பனி அப்படி. கீழே இருப்பவனுக்கு எல்லாம் வந்து சேரும். அவனிடமிருந்து ஒன்றும் போகாது. ஏன் அப்படி? யார் யாரோ விளக்கம் சொன்னார்கள், எனக்கு மண்டையில் ஏறவில்லை. சர்ச்சில் வராத பயபக்தி எனக்கு அந்தப் பொந்துக்குள் வருகிறது.

பிறகு தலைக்கு மேல் பரபரவென்று நகங்கள். ஒரு ஓட்டை. அதில் ஒரு கறுப்பு மூக்கு, அதன் பின்னால் முழு வானம். பிறந்த குழந்தைக்கு இப்படித்தான் இருக்குமோ?

ஜனவரி 8, புதன்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வழக்கமாகக் குழிக்குள் படுப்பது விர்ஜில்தான். அவனுக்கு அதில் தூங்கப் பிடிக்கும். இன்று அவனுக்கு முதுகுவலி, அதனால் புதிதாக வந்திருக்கும் டாக்டரைப் படுக்க வைத்தோம். ரிஸோலை அவிழ்த்துவிட்டேன். அழகாக வளைந்து வளைந்து போனாள். குழியை நெருங்கினாள். மோந்தாள். நேராகத் தாண்டிப் போய்விட்டாள்! அப்பால் பாறைமேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த விர்ஜிலின் முன்னால் நின்று, 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று குரைத்தாள். வாலை ஆட்டிக்கொண்டு, கண்டுபிடித்தால் இழுத்து விளையாடத் தரும் பரிசுத் துணியைக் கேட்டு.

"இந்தா, உலகத்துல நான் ஒருத்தன்தான் மனுசன்னு அதுக்கு நெனப்பு" என்றான் விர்ஜில்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாகக் குழிக்குள் யார்? விர்ஜில், விர்ஜில், எப்போதாவது ஆர்மான். மனித வாசனையைத் தேடச் சொல்லிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லிக் கொடுத்தது விர்ஜிலைத் தேட. போன தேர்வில் குழிக்குள் இருந்தது முன்பின் தெரியாத ஒருவர். தோற்றது அவளா, நானா?

பாவம் அந்த டாக்டர். அவரை வெளியே எடுக்க மறந்தே போனோம்.

ஜனவரி 9, வியாழன்

அந்நியர்கள் வேண்டும். நிறைய. தினம் ஒரு புது வாசனை.

ஜனவரி 18, சனி

இந்த வாரம் புதைத்தவர்கள்: ரொட்டிக்கடைக்காரர். மருந்துக்கடைக்காரி. டச்சுக்காரர் ஒருவர், அப்புறம் தானும் படுக்க வேண்டுமென்று அடம்பிடித்து வந்த அவர் மனைவி. கூரை வேலை செய்ய வந்த போர்ச்சுகீசியர். வழியில் பார்ப்பவர்களையெல்லாம் "ஒரு கால்மணி நேரம் பனிக்கடியில படுக்க முடியுமா?" என்று கேட்கிறேன். என்னைக் கண்டால் சிலர் எதிர்ப் பக்கம் போகிறார்கள்.

எல்லோரும் கிண்டலடித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். வெளியே வரும்போது ஒருவரும் அப்படி இல்லை. மருந்துக்கடைக்காரி ரிஸோலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். டச்சுக்காரர் அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, எவ்வளவு பெருசா இருக்கு" என்றார்.

ரிஸோல் இரண்டு பேரைத் தவறவிட்டாள். மற்றவர்களிடம் தயங்கித் தயங்கித்தான் குரைத்தாள். இருந்தாலும் குரைத்தாள்!

ஜனவரி 26, ஞாயிறு

யூகெத் அக்காவைக் கேட்டேன். லிஃப்ட்டின் அடிவாசலில் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் பேசிக்கொண்டே வேலை பார்ப்பவர். நாய் என்றாலே ஆகாது.

"ஏன்டி, ஒரு நாய் என் மூஞ்சில மூக்க வைக்கணும், அதுக்கு நான் உசுரோட பொதையணுமா? போடி வேலையப் பாத்துக்கிட்டு."

"நீங்க உள்ள படுத்தீங்கன்னா கொஞ்ச நேரம் ஊரே அமைதியா இருக்கும் அக்கா" என்றான் விர்ஜில். கையில் இருந்த துடைப்பத்தாலேயே ஒன்று போட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று லியோன் நகரத்திலிருந்து வந்த யாரோ ஒரு பெண். பெயர்கூடக் கேட்கவில்லை. ரிஸோல் நேராகப் போய்த் தோண்டினாள்.

பிப்ரவரி 19, புதன்

இப்போதே எழுதிவிட வேண்டும்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், மேற்கு ஓடையில் பனிச்சரிவு. சறுக்குத் தடத்துக்கு வெளியே, தனியாகப் போன ஒரு ஆள். லிஃப்ட்டில் தொங்கிக்கொண்டு போன ஒரு பெண் பார்த்திருக்கிறாள். "அந்தப் பாறைக்கு இடது பக்கம்தான், அங்கதான் மறைஞ்சாரு" என்று சத்தியம் செய்தாள். அந்த ஆளிடம், புதைந்தால் இடம் காட்டும் சிக்னல் கருவி இல்லை. அந்த சிக்னலைப் பிடிக்கும் எங்கள் பெட்டிகள் ஊமையாகவே இருந்தன. கம்பிகளும் நாயும்தான் மிச்சம். இன்னும் தேறாத என் நாய்.

எல்லோரும் பாறைக்கு இடது பக்கம் வரிசையாக நின்று கம்பியைக் குத்திக்கொண்டு போனார்கள். ரிஸோலை அங்கேதான் அவிழ்த்தேன். ஒரு சுற்றுச் சுற்றினாள். விர்ஜிலைத் தாண்டினாள், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்! நேராகக் கீழே, வலது பக்கம், சரிவின் வால் போய் முடியும் இடத்துக்கு ஓடினாள்.

"ரிஸோல்! இங்க வா!"

வந்தாள். மறுபடி போனாள். மறுபடி கூப்பிட்டேன். ஏன்டி கூப்பிட்ட? எல்லாரும் பாக்குறாங்கன்னுதானே? நாய் சொல்பேச்சு கேக்கலன்னு ஆர்மான் நெனச்சிடுவார்னுதானே?

மூன்றாவது தடவை அவள் போனபோது கூப்பிடத் திறந்த என் வாயைப் பார்த்து ஆர்மான் கத்தினார்: "வாய மூடு, சொலென்! அது வேல பாக்குது!"

குரைத்தாள். தயக்கமே இல்லாமல். ஓடினோம். மண்வெட்டி. ஒரு கையுறை. கையுறைக்குள் கை. நீலம் பாய்ந்த முகம், மூக்கருகே பனி கரைந்து சின்னதாக ஒரு குழிவு. மூச்சு இருந்தது. இருந்தது! ரிஸோல் எங்களையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு அவர் முகத்தை நக்கினாள், ஏதோ அவளே பெற்றெடுத்தது போல. மலை சும்மா நின்றுகொண்டிருந்தது. அத்தனை பெரிய வெள்ளைக்குள் ஒரு மனிதனின் மூச்சு, அது ஒரு மூக்குக்குத் தெரிகிறது. இதற்கு மேல் என்ன எழுத?

ஸ்ட்ரெச்சரைக் கீழே கொண்டுவந்தபோது யூகெத் அக்கா லிஃப்ட்டை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார். அவர் கண் ரிஸோல் மேலேயே இருந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் பெயர் மாத்துரென். பள்ளிக்கூட வாத்தியார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாயோட பேரு ரிஸோல்தானே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேட்டேன். தலைக்கு மேல மூச்சு வாங்குற சத்தம். அப்பாடா, வந்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு பொண்ணு தூரத்துல இருந்து 'ரிஸோல், இங்க வா'ன்னு கூப்பிட்டுச்சு. அது போயிடுச்சு. நான் கத்துனேன், கத்திப் பாத்தேன். திரும்ப வந்துச்சு. திரும்பக் கூப்பிட்டாங்க." என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அது நீங்களா?"

குழிக்குள் நீலத்தில் படுத்துக்கொண்டு விர்ஜிலின் ஜோக்கைக் கேட்டது ஞாபகம் வந்தது. எனக்கு அன்றே தெரியுமே. கீழே எல்லாம் கேட்கும் என்று எல்லோரையும்விட எனக்குத் தெரியுமே!

"நான்தான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்ல வேளை, அது உங்க பேச்சக் கேக்கல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். காரில் வந்து உட்கார்ந்த பிறகும் அந்த 'இங்க வா' காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 22, சனி

பயிற்சி. அவளை அவிழ்த்துவிட்டு, கூப்பிட்டுவிடாமல் இருக்க என் கழுத்துத் துணியின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். சொன்னால் நம்ப மாட்டார்கள், வெடி வீசுவதைவிட இது கஷ்டம்.

மார்ச் 13, வியாழன்

தேர்வு. வேற்றூர், வேற்றுப் பனி, குழிக்குள் யாரென்று தெரியாது. ரிஸோல் நான் நினைத்ததற்கு நேர் எதிர்ப் பக்கம் போனாள். துணியைக் கடித்தேன்.

"என்னம்மா, வாயில கொழுக்கட்டையா? நாய்க்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" என்றார் தேர்வாளர்.

தலையை மட்டும் ஆட்டினேன். குரைக்கும் சத்தம் வந்தது.

தேறிவிட்டாள். ஆர்மானுக்குப் போன் செய்தேன். "ம்" என்றார். பிறகு, "அது சோபாவுல படுத்தா மயிரு கொட்டும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டருக்கு மறுநாள். சீசனின் கடைசிப் பயிற்சி. காலையில் மலைமேல் எங்கள் ரோந்துக் குடிசைக்கு யூகெத் அக்கா வந்து நின்றார். ஊதா கோட்டு, காதுவரை தொப்பி.

"எங்க அந்தப் பொந்து? காட்டு. எதாவது ஆச்சு, பேயா வந்து உன்ன விடமாட்டேன்டி."

பேசிக்கொண்டே உள்ளே போனார். வாசலை அடைக்கும்போதும் பேசிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டியை வைத்ததும் குரல் பட்டென்று நின்றது, கதவை மூடியது போல. வெயிலில் முகடுகளெல்லாம் கண் கூசின. நாங்கள் காத்திருந்தோம். ரிஸோலை அவிழ்த்துவிட்டு, துணியைக் கடித்துக்கொண்டேன்.

நகங்கள், ஓட்டை, மூக்கு. யூகெத் அக்கா முகத்தை நக்கவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஆனாலும் விட்டார். வெளியே வந்து பனியில் உட்கார்ந்து வெகுநேரம் மலையைப் பார்த்தார். விர்ஜில் ஒரு கோப்பை காபியை நீட்டினான்.

"உள்ள பேசிக்கிட்டேதான்டி இருந்தேன்" என்றார் கடைசியில். "இவன் இருமுனது கேட்டுச்சு. நாய் காலு கேட்டுச்சு. உன் சத்தம் மட்டும் ஒரு தடவகூடக் கேக்கல. விட்டுட்டுப் போயிட்டியோன்னு பயந்தே போயிட்டேன்."

"இங்கதான் அக்கா நின்னேன்" என்றேன்.