ஒன்றரை அங்குலம்

12 ஜூன் 2025
மகள் அஸ்வதிக்கு இன்று இருபத்தைந்து வாரம். முதல் குழந்தை இருபத்துமூன்றில் போயிற்று, இரண்டாவது இருபத்தாறில். இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். நடமாடக் கூடாது. சுவரையே பார்த்துக் கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்கிறாள். சாய்ந்து, கால் நீட்டி உட்காரலாம் என்று காரக்கோணம் டாக்டர் அனுமதித்தார். தெற்கு ஜன்னலடியில் சுவர் உள்வாங்கிய இடத்துக்கு அயனி மரத்தில் ஒரு பெஞ்சு செய்யச் சொல்லியிருக்கிறேன், அமரவிளை பொன்னையன் ஆசாரியிடம். இடம் 73 அங்குலம். பெஞ்சு நீளம் 72½, அகலம் 20. மூன்று முறை அளந்து எழுதிக் கொடுத்தேன்.

14 ஜூன்
கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் உளி வைக்கக் கூடாது. இது என் மனைவி விலாசினியின் சட்டம். பொன்னையனுக்கும் அதே சட்டம். எல்லாவற்றையும் பட்டறையிலேயே முடித்துக் கொண்டுவருவாராம். சிரித்தேன். முப்பத்தோரு வருஷம் இப்படிப்பட்டவற்றைக் கிண்டல் செய்து எழுதிய நிருபன். அஸ்வதியும் சிரித்தாள். "அம்மா, சட்னிக்குத் தேங்கா ஒடைக்கலாமா, அதுக்கும் நாளு பாக்கணுமா?"

19 ஜூன்
இருபத்தாறு. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

26 ஜூன்
கடந்தது. விலாசினி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

2 ஜூலை
பெஞ்சு வந்தது. நுழையவில்லை. அளந்தால் 74. பொன்னையனை முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"சார் தந்த அளவு மரணத்துலயாக்கும் நிக்குது."

பலகையின் நான்கு பக்கத்தையும் கூட்டி வரும் சுற்றளவை ஆசாரிமார் பால்யம் முதல் ஐந்து பருவமாகப் பிரிப்பார்கள். கடைசிப் பருவத்தின் பெயர் மரணம்.

"பிள்ளத்தாச்சி இருக்கப்பட்ட பெஞ்சில்லியா. ஒண்ணர அங்குலம் கூட்டினேன். எல்லாவனும் எடத்தக் கொஞ்சம் கொறச்சுத்தான் சொல்லுவான்."

"நான் கொறச்சுச் சொல்லல்ல."

"அதாக்கும் கொழப்பம்."

சுவரைக் கொத்த விலாசினி விடமாட்டாள். வெட்டு என்றேன். வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டார். வெட்டு, வீட்டில் யாருக்கும் தெரியவேண்டாம் என்றேன். பெஞ்சை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மழையில் மரம் பருத்துவிட்டது என்று விலாசினியிடம் சொன்னேன். பொய்.

5 ஜூலை
கச்சிதமாக உட்கார்ந்தது. அஸ்வதி சாய்ந்து ரோட்டைப் பார்த்தாள். பொன்னையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அளக்க டேப்பை எடுத்தேன். அளக்கவில்லை. அளந்தால் எழுத வேண்டிவரும்.

9 ஜூலை
அவள் பெஞ்சில் புரண்டு உட்காரும்போதெல்லாம் பேப்பரைத் தாழ்த்திப் பார்க்கிறேன். நம்பாதவன் எதற்குப் பயப்படுகிறேன்? நம்பாதவன் என்றால் ஏன் அளக்கவில்லை?

21 ஜூலை
காலை 10.40. பெஞ்சிலிருந்து கூப்பிட்டாள். துணியில் ரத்தம். 11.15 ஆஸ்பத்திரி. உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்தியாயிற்று.

நான்தான் வெட்டச் சொன்னேன். அந்த மனுஷன் கும்பிட்டாரே — கும்பிட்டும் கேக்கல்லியே நான். ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டா என்ன? எனக்கு என்னத்துக்கு இந்த வீம்பு —

11.50. குழந்தையின் இதயத்துடிப்பு 146. நர்ஸிடம் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன்.

24 ஜூலை
ரத்தம் நின்றது, அனுப்பிவிட்டார்கள். வந்ததும் பெஞ்சுக்குத்தான் போனாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். சொல்லவில்லை.

"அப்பா, பெஞ்சாக்கும். பாம்பு ஒண்ணுமில்ல."

11 ஆகஸ்ட்
முப்பத்துமூன்று தாண்டிவிட்டது. காலையில் கண் விழித்ததும் அவள் அறையில் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கிறேன். பிறகுதான் எழுகிறேன்.

19 ஆகஸ்ட்
பெண். 1 கிலோ 980. அழுதாள். நான் காதால் கேட்டேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

8 செப்டம்பர்
குழந்தை வீட்டுக்கு வந்து இரண்டு நாள். பொன்னையன் பார்க்க வந்தார். பெஞ்சின் முன்விளிம்பில் கட்டைவிரலை ஓட்டி, "பட்டை விடல்லியே மக்கா?" என்று அஸ்வதியிடம் கேட்டார்.

என்ன பட்டை என்றேன். அஸ்வதி குழந்தைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவர்தான் சொன்னார்.

"நீளத்துல எடுத்த ஒண்ணர அங்குலத்த அகலத்துல பட்டையா ஒட்டினேன் சார். சுற்றளவு மாறல்ல. மறுநாளு இவளும் போன் செய்து அதத்தான் செய்யச் சொன்னா, அப்பாக்குத் தெரியண்டாம்னு. ஒட்டியாச்சு பிள்ளே, காஞ்சிட்டிருக்குன்னு சொன்னேன்."

"நீயா?" என்றேன்.

"அன்னைக்கு முத்தத்துப் பக்கம் ஜன்னல் தொறந்துதானே கெடந்துது. எல்லாம் கேட்டேன்." குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு போச்சுல்லாப்பா. நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லல்ல."

டேப்பை எடுத்தேன். நீளம் 72½. அகலம் 21½.

ஆசாரி போனபிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பெஞ்சு வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குழந்தை விழித்துக்கொண்டது.